சேராத கடி

ஊர் அவருக்கு வைத்திருந்த பெயர் நத்தைகுத்தி. பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று இருக்கத்தான் செய்தது. தேர்தல் அன்றைக்கு மட்டும் யாராவது அதைச் சத்தமாக வாசிப்பார்கள். அவரும் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் முன்னால் போவார்.

நத்தைகுத்தி என்பது ஒரு நாரையின் பெயர். சாம்பல் கலந்த வெள்ளை, இறக்கை ஓரம் கறுப்பு, நிற்கிற நிற்பில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் அலுப்பு. ஒரு மனிதன் ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் குட்டைக் கரையில் போய்க் குந்திக்கொண்டு, ஒரு கண்ணால் நாரையையும் இன்னொரு கண்ணால் நத்தையையும் பார்த்துக்கொண்டிருந்தால் ஊர் வேறென்ன பெயர் வைக்கும்? அவருக்கு அதில் வருத்தம் கிடையாது. ஒரே ஒரு திருத்தம்தான் உண்டு. கூப்பிடுகிறவர் கடைக்காரரானாலும் சரி, வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நோயாளியானாலும் சரி, அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

“பேருதாங்க குத்தி. அது குத்தாது, உடைக்காது. நத்தை ஓட்டோட மூடிய நெம்பி உள்ள இருக்கிறத நைசா உருவிக்கும். ஓடு முழுசா அப்படியே கிடக்கும். பேரு வெச்சவன் கிட்டப் போய்ப் பார்க்கல.”

“சரிங்க நத்தைகுத்தி” என்று சொல்லிவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். ஒரு பறவைக்குத் தப்பாகப் பெயர் வைத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று ஊர் நினைத்தது. யாருக்கு நஷ்டம் என்று சொல்லத்தான் இந்தக் கதை.

பிழைப்புக்கு அவர் பல் செட்டு செய்தார். கடைத்தெருவில் ஒரு பல் மருத்துவமனை. முன்னால் டாக்டர், சாய்வு நாற்காலி, கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று. பின்னால், கழிப்பறைக்கும் மாடிப்படிக்கும் நடுவில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதுதான் இவருடைய ராஜ்ஜியம். வாயில் எடுத்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடை வார்ப்பது, அதன் மேல் மெழுகு கட்டிப் பல்லை நடுவது, மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் ரோஸ் நிறப் பிளாஸ்டிக்கை அடைத்து வேகவைப்பது, பிறகு அரம், பிறகு மெஷினில் பாலீஷ். மெஷினைப் போட்டால் ரோஸ் தூள் பறந்து புருவத்தில் படியும். மூக்கில் கட்டிய துணியைத் தாண்டி நெஞ்சுக்குள்ளும் போகும். வருஷக்கணக்காகப் போய்ச் சேர்ந்த தூள், விடிகாலையில் இருமலாகத் திரும்பி வரும். அவர் இருமுகிற இருமலில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்காரும் என்று அவர் மனைவி சொல்லுவாள். முதலில் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அந்த வேலையில் எல்லாம் கடியில் இருக்கிறது. பல் முத்து மாதிரி இருந்து என்ன பிரயோஜனம், மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒன்றோடொன்று போய் உட்கார வேண்டும். ஒரு தலைமுடி அளவுக்கு உசந்தாலும் மனிதனுக்குத் தலைவலி வரும், சோறு இறங்காது, பெண்டாட்டியோடு சண்டை வரும். “கடி சேர்ந்தாதான் குடும்பம் சேரும்” என்பது அவருடைய பழமொழி. ஊரில் பாதிப் பேர் அவர் சேர்த்து வைத்த கடியில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான் அந்த நாரை அவரைப் பிடித்துக்கொண்டது. முதல் தடவை பைனாகுலரில் பார்த்தபோது, அது வாயை மூடியிருந்தது, ஆனாலும் மூடவில்லை. அலகின் நுனி சேர்கிறது, அடி சேர்கிறது, நடுவில் மட்டும் ஒரு விரல் போகிற மாதிரி இடைவெளி, அதன் வழியே அக்கரைப் புல் தெரிகிறது. “எவன்டா இதுக்கு அளவு எடுத்தது?” என்றாராம். அன்றைக்கு விழுந்தவர்தான். சேராத கடியோடு ஒரு உயிர் எப்படிப் பிழைக்கிறது என்று பார்க்கப் போய், அது தின்கிற நத்தையைப் பார்க்க ஆரம்பித்து, நத்தையிலிருந்து சிப்பிக்குப் போய், சிப்பியிலிருந்து சுவரில் ஒட்டுகிற கடுகளவு பூச்சிநத்தை வரைக்கும் போய்விட்டார். பல் வைக்கிற தகர டப்பாக்களில் எல்லாம் ஓடு. பல்லிடுக்கு சுரண்டுகிற ஊசியால் அதைச் சுத்தம் செய்வார். சமையலறை வரைக்கும் வாசம் வரும். “நத்தை வயித்துலயும் முத்துப் பொறக்கும்னு சொல்லுவாங்க, நம்ம வீட்டுல நாத்தம்தான் பொறக்குது” என்று மனைவி முணுமுணுத்தாலும், வெந்நீர் வைத்துக் கொடுக்கிறது அவள்தான்.

அவர் கண்டுபிடித்த ஒரு சின்ன விஷயம் உண்டு. நாரை நத்தையைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்து, கீழ் அலகின் நுனியை மூடிக்கடியில் விட்டு, சதை ஒட்டியிருக்கிற வேரை அறுத்துவிட்டு உருவும். ஓட்டில் ஒரு காயம் இருக்காது. குடித்துவிட்டு வைத்த டீ டம்ளர் மாதிரிக் கிடக்கும். ஆனால் பக்கத்தில் விழுந்து கிடக்கிற மூடியின் ஓரத்தில், உள்பக்கமாக, மயிரிழை போல ஒரு கீறல் இருக்கும். தானாகச் செத்த நத்தையின் மூடியில் அந்தக் கீறல் இருக்காது. பல்லின் ஓரத்தைப் பார்க்கிற உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருக்கிறவனுக்குத்தான் அது தெரியும். அதைப் பார்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இவர். இன்னொருவர் டாக்டர்.

டாக்டரும் இவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவர் நெட்டை, இவர் குட்டை. அவர் மேலே படித்தார், இவர் தொழில் படித்தார். மருத்துவமனைக்குள் இவர் “டாக்டர், நீங்க” என்பார். அவரும் “சொல்லுங்க” என்பார். நோயாளிகள் முன்னால் அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே மூடிப்போன செங்கல் சூளையின் துருப்பிடித்த கேட்டைத் தாண்டியதும், அந்த ‘நீங்க’ வெளியிலேயே நின்றுகொள்ளும். உள்ளே போனால் “டேய் நெட்டை”, “டேய் நத்தை”. சூளைக்கு மண் வெட்டிய பள்ளம்தான் குட்டையாகக் கிடந்தது. தண்ணீர், கோரை, கரையில் நாலு கருவேலம், அதில் நாரைகள். இருவரும் ரொட்டியும் வேகவைத்த முட்டையும் பிளாஸ்க் டீயும் கொண்டுபோவார்கள். டாக்டரிடம் கேமரா இருந்தது. இவரிடம் பொறுமை இருந்தது.

ஒருமுறை டாக்டர் படம் எடுக்கிற மும்முரத்தில் பாசியில் வழுக்கி, கரைக்கல்லில் முகம் மோத, முன்பற்கள் மூன்று போயின. வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். வலிக்காக அல்ல. “பல் டாக்டருக்கே பல்லு பொய்னு தெரிஞ்சா எவன்டா என்கிட்ட வாயத் தெறப்பான்?” இவர் அவரைக் கைத்தாங்கலாகப் பின்வாசல் வழியாகத் தன் அறைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு, திங்கட்கிழமை நோயாளிகள் வருவதற்குள் கழற்றி மாட்டுகிற பிளேட்டில் மூன்று பல் கட்டி மாட்டிவிட்டார். லேசாகக் கறை தீட்டி, ஒன்றை அரைக்கால் திருப்பி, பழைய பல்லின் கோணலைக்கூட விடாமல் செய்தார். டாக்டரின் மனைவிக்குத் தெரியாது. தன் மனைவியிடமும் இவர் சொல்லவில்லை. டாக்டரின் மாவுத்தாடை மட்டும் மேல்தட்டில், பெயர் எழுதாமல், மற்றத் தாடைகளுக்குப் பின்னால் இருந்தது.

இப்படிப்பட்ட சிநேகிதம். இதை நம்பாமல் வேறு எதை நம்புவது, நீங்களே சொல்லுங்கள்.

சூளைக்காரர் நிலத்தை விற்றுவிட்டார் என்று ஒருநாள் செய்தி வந்தது. கரையில் எல்லைக்கல் முளைத்தது. மண்வெட்டி எந்திரம் ஒன்று வந்து கேட்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

“யாருடா வாங்கினது?” என்று கேட்டார், கோரைக்குள் குந்தியிருந்தபடி.

“எவனோ வெளியூர்க்காரன்னு பேச்சு” என்றார் டாக்டர், கேமராவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

“மூடிடுவானாடா?”

“தெரியலையேடா.”

நத்தைகுத்தி நகராட்சிக்கு ஒரு மனு கொடுத்தார். நாரைகள் இரை எடுக்கிற குட்டை, மூட அனுமதி கொடுக்க வேண்டாம், வேண்டுமானால் வந்து பாருங்கள் என்று. அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார், பறவைக்கு அது பயன்படுகிறது என்று தெரிந்தால் விட்டுவிடுவோம், இல்லாவிட்டால் வெறும் பள்ளம் என்று எழுதிவிடுவோம் என்று பதில் வந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் முழுக்க விடியலில் போய் ஓடு பொறுக்கினார். நாரை எழுந்து போன இடத்தில் கிடக்கிற ஓட்டை மட்டும், அதனதன் மூடியோடு சேர்த்து எடுத்துக் கழுவித் துடைத்துக் கூடையில் அடுக்கினார்.

“இத்தனையும் எதுக்குங்க?” என்றாள் மனைவி. தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“சாட்சி. ஆபீசர் வர்ற நேரத்துக்கு நாரை வந்து நிக்குமா? இது பேசும்.”

“விட்டுடுங்களேன்.”

“என்னத்த விடறது?”

“இல்ல… யாரோ வாங்கிட்டாங்க. நமக்கு எதுக்குப் பொல்லாப்பு? அந்த நாரைக்கு றெக்கை இருக்குல்ல, வேற எங்கயாவது போகாதா?”

“வேற எங்க போகும்? பக்கத்துல இருந்த எல்லாத்தையும் மூடியாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி.” இருமல் வந்தது. அடங்கும்வரை நின்றுவிட்டுச் சொன்னார். “எனக்கும் அது ஒண்ணுதான் பாக்கி.”

அவள் மடித்த சட்டையையே பிரித்துத் திரும்ப மடித்தாள். அதை அவர் கவனிக்கவில்லை. நத்தை மூடியில் மயிரிழைக் கீறலைப் பார்க்கிற கண்ணுக்கு வீட்டுக்குள் நடப்பது தெரியவில்லை. ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான்.

டாக்டரிடம் போய், “நான் சொன்னா பல்லு கட்டறவன் சொல்றான்னு நெனப்பாங்க. நீங்களும் வந்து ஒரு வார்த்தை சொல்லணும்” என்றார். மருத்துவமனைக்குள் என்பதால் ‘நீங்க’.

“நான் வராம வேற யாரு வருவா?” என்றார் டாக்டர். கையுறையைக் கழற்றிக்கொண்டே, இவர் முகத்தைப் பார்க்காமல்.

அதிகாரி உச்சிவெயிலில் வந்தார். நாரைகள் அந்த நேரத்துக்கு எங்கோ நிழலுக்குப் போயிருந்தன. அதிகாரி கெட்டவர் இல்லை. அவசரக்காரர், காலில் புதுச்செருப்பு, கரையில் கால் வைக்கவே யோசித்தார். சூளை வாட்ச்மேன் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டான்.

“இந்தப் பக்கம் பறவை வருதாப்பா?” என்று அதிகாரி அவனைக் கேட்டார்.

“கொக்கு எங்கதான் சார் வரல. ஆபீசுக்கு முன்னாடிகூட நிக்குது” என்றான் வாட்ச்மேன்.

டாக்டர் காரில் வந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமைச் சேற்றுச் செருப்பு இல்லை, பளபளத்த ஷூ. கழுத்தில் கேமரா இல்லை. கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, அதிகாரியோடு கைகுலுக்கிவிட்டு, இவரைப் பார்த்துச் சிரித்தார்.

“வாங்க. வெயில்ல ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?”

வெயில் கடுமையாகத்தான் இருந்தது. ஆனால் நத்தைகுத்திக்கு முதுகில் சில்லென்று ஒன்று இறங்கியது. ஸ்கூல் நாளிலிருந்து, இந்தக் கேட்டுக்கு உள்ளே, இந்த மனிதன் வாயிலிருந்து தனக்கு ஒரு ‘வாங்க’ வந்ததில்லை. மரியாதை கொடுத்தால் மனிதன் குளிர்ந்துபோவான் என்பார்கள். இவர் குளிர்ந்துதான் போனார், வேறு விதமாக.

இருந்தாலும் கூடையைத் திறந்தார். ஓடுகளைக் காட்டினார். “சார், இதெல்லாம் நாரை சாப்பிட்டுப் போட்டது. ஒண்ணொண்ணும் முழுசா இருக்கு பாருங்க. மூடி தனியா இருக்கு. இந்தக் கண்ணாடி வழியா மூடியோட ஓரத்தப் பாத்தீங்கன்னா ஒரு கீறல்…”

அதிகாரி கண்ணாடியை வாங்கினார். வெயிலில் கண் கூசியது. எதுவும் தெரியவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. “எனக்கு என்ன சார் தெரியும். பறவைக்குப் பேரு என்ன சொன்னீங்க?”

“நத்தைகுத்தி நாரை.”

“குத்தினா ஓடு உடையாதா?”

“இல்ல சார், பேருதான் அப்படி. அது குத்தாது. டாக்டருக்கும் தெரியும், அவரக் கேளுங்க.” அவரே சொன்னார். தன் வாயாலேயே சொன்னார்.

டாக்டர் ஒரு ஓட்டைக் கையில் எடுத்தார். விரல்களுக்கு நடுவில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த ஓட்டை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், அந்தக் கையே சொன்னது.

“பேர்லயே இருக்கே சார்” என்றார். “குத்தினா உடையத்தான் செய்யும். இது ஒண்ணுகூட உடையல. பாவம், இவரு ரொம்ப ஆசையா பொறுக்கி வெச்சிருக்காரு, நம்ம கிளினிக்ல டெக்னீசியன், தங்கமான மனுஷன். ஆனா உள்ளதச் சொல்லணும்ல. இதெல்லாம் தானா செத்தது. தண்ணி கெட்டுப்போச்சு சார்.”

“தண்ணி கெட்டுப்போச்சா?”

“பின்ன? இத்தனை நத்தை ஒண்ணா செத்துக் கிடக்குன்னா என்ன அர்த்தம்? நோய் பரவற இடம். டாக்டரா நான் சொல்ல வேண்டியது அது.”

“அந்தப் படம்…” என்றார் நத்தைகுத்தி. “நீங்க எடுத்த படமெல்லாம் இருக்கே.”

“அது வேற ஊர்ல எடுத்ததுங்க. நீங்க மறந்துட்டீங்க போல.”

மறந்துட்டீங்க. நாக்கு நுனி வரைக்கும் ஒன்று வந்தது இவருக்கு. சார், இந்த மனுஷன் வாயில முன்னாடி இருக்கிற மூணு பல்லும் பொய், அத விழுந்து உடைச்சுக்கிட்டது இந்தக் கரையிலதான், நாரையப் படம் எடுக்கும்போது, அதோ அந்தக் கல்லுல, கழட்டச் சொல்லிப் பாருங்க. ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லியிருந்தால் குட்டை பிழைத்திருக்குமோ என்னவோ, டாக்டர் செத்திருப்பார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டார். தொழிலில் ஒருத்தன் வாய்க்குள் பார்த்ததை வெளியே சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை. நம்பி வாயைத் திறந்தவனை எப்படிக் காட்டிக்கொடுப்பது? அந்தக் கேள்வி எதிரில் நின்றவருக்கு ஏன் வரவில்லை என்பதுதான் இவருக்குப் புரியவில்லை.

அதிகாரி எழுந்தார். “நீங்க இத்தனை ஓட்டக் காட்டலன்னா எனக்குத் தண்ணி கெட்டது தெரிஞ்சே இருக்காது சார். நன்றி” என்று இவரிடம் மனப்பூர்வமாகச் சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் கார்க் கதவைத் திறந்தவர், ஒரு நிமிஷம் நின்று, “வண்டில வர்றீங்களா?” என்று கேட்டார். இவர் வேண்டாம் என்று தலையசைத்தார். கார் போய்விட்டது.

ஸ்டூலை எடுக்க வந்த வாட்ச்மேன், ஆறுதல் சொல்கிற மாதிரிப் பக்கத்தில் நின்றான். “மனசு கஷ்டப்படாதீங்க. வேற யாராவது வாங்கியிருந்தா என்னை விரட்டியிருப்பான். டாக்டர் கட்டடம்னதால எனக்கு வேலை உறுதின்னுட்டாரு.”

“எந்த டாக்டர்?”

“இது நல்லா இருக்கே” என்றான் வாட்ச்மேன். “இப்ப போனாரே, அவருதான். பெரிய ஆஸ்பத்திரி வரப் போகுதாம். உங்களுக்குத் தெரியாதா?”

கூட இருந்தே குழி பறிப்பவனைப் பற்றி எத்தனையோ கேட்டிருக்கிறோம். கூட இருந்தே குழியை மூடினவனை அன்றைக்குத்தான் அவர் பார்த்தார். இதை அவரே பின்னாளில் சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அந்த நேரத்தில் கூடையை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்.

வீட்டில் மனைவி சாப்பாட்டை மூடி வைத்திருந்தாள். அவர் உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல, அவள் எந்த இடத்திலும் “அப்படியா” என்று கேட்கவில்லை. நெட்டை பொய் சொன்ன இடம் வந்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். கட்டடம் யாருடையது என்று சொன்னபோது அவள் முகம் அசையவே இல்லை. அப்போதுதான் அவருக்கு மடித்த சட்டையைத் திரும்ப மடித்தது ஞாபகம் வந்தது.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்ப இருந்து?”

“அவரு வீட்டுக்கு வந்தாரு. நீங்க குட்டைக்குப் போயிருந்தீங்க. வரைபடம் காட்டினாரு.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “உங்களுக்குன்னு ஒரு ரூம் போட்டிருக்காருங்க. பெருசா. தூள உறிஞ்சற மெஷின் வெச்சு. ஜன்னல் ரெண்டு. நானே எண்ணிப் பாத்தேன்.”

“அந்த ரூம் எங்க வருதுன்னு காட்டினானா?”

“காட்டினாரு.”

“குட்டை மேலன்னு சொன்னானா?”

“சொன்னாரு.”

“நீ என்ன சொன்ன?”

“சரின்னேன்.” அவள் குரல் உயரவில்லை. “நீங்க இருமறத நான்தான் கேக்கறேன். நாரை கேக்கல. போன மழைக்கு நீங்க துணில துப்பினது ரோஸா இருந்துச்சு, தூள்னு சொன்னீங்க. நான்தான துவைச்சேன்? அது தூள் இல்லன்னு எனக்குத் தெரியாதா? அந்த ஜன்னல் இல்லாத பொந்துல இருந்து உங்கள வெளிய எடுக்க வேற வழி காட்டுங்க, இப்பவே போய் டாக்டர்கிட்ட வேணாம்னுட்டு வரேன்.”

அவள் சொன்னது அத்தனையும் நிஜம். அதுதான் பெரிய கொடுமை. ஒருத்தி கெடுதல் நினைத்துச் செய்திருந்தால் கத்திவிட்டுப் போகலாம். இவர் நெஞ்சுக்காக இவர் நெஞ்சிலேயே குத்தியவளை என்ன செய்வது?

“ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல” என்றார் கடைசியில்.

“சொன்னா நீங்க விட்டிருப்பீங்களா?”

“மாட்டேன்.”

“அதான் சொல்லல.”

அவர் சாப்பிடாமல் போய், தகர டப்பாக்கள் இருந்த அலமாரிக்கு முன்னால் நின்றார். எதையும் தொடவில்லை. அவள் சாப்பாட்டைத் திரும்ப மூடி வைத்தாள். அன்றிலிருந்து வெந்நீர் கேட்பதை அவர் நிறுத்திவிட்டார், அவளும் நாற்றம் என்று குறை சொல்வதை நிறுத்திவிட்டாள். வீட்டில் ஓசை குறைந்துபோயிற்று.

லாரிகள் ஓடின. அவர் அந்தப் பக்கமே போகவில்லை. மறுநாளே வேலைக்கு மட்டும் போனார். ஏன் போனாய் என்று கேட்பது சுலபம். வேறு எங்கே போவார்? கைக்குத் தெரிந்தது ஒரு தொழில், ஊரில் இருந்தது ஒரு மருத்துவமனை. டாக்டர் ஒருநாள் பின்னறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, “டேய், உனக்காகவும்தான்டா” என்று ஆரம்பித்தார். இவர் அரத்தை நிறுத்தாமல், “சொல்லுங்க டாக்டர். மேல் செட்டா, கீழ் செட்டா?” என்றார். டாக்டர் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த ‘டேய்’ அறையிலேயே விழுந்து கிடந்தது, எடுக்க ஆளில்லாமல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் படுத்தே கிடந்தார். ஊர் மட்டும் பழக்கம் விடாமல் நத்தைகுத்தி என்று கூப்பிட்டது. திருத்தம் சொல்வதை அவர் விட்டுவிட்டார். பேர்லயே இருக்கே.

புதுக் கட்டடம் எழுந்தது. திறப்பு விழாவுக்கு முன்பே அவர் வேலை மட்டும் அங்கே மாறிவிட்டது. அறை சொன்ன மாதிரியே இருந்தது, அதில் பொய் இல்லை. பெரிய மேஜை, தூளை உறிஞ்சுகிற குழாய், இரண்டு ஜன்னல். இருமல்கூடக் கொஞ்சம் குறைந்தது. நெஞ்சு நன்றி கெட்டது, மனசைக் கேட்காமல் குணமாகும்.

திறப்பு விழாவுக்கு முந்தின வாரம் முழுக்க நல்ல மழை. விழா அன்று காலை, வேலைக்காரர்கள் யாரும் வருவதற்கு முன்னால் டாக்டர் கதவைத் தட்டினார். புதுக்கோட்டு, கையில் கைக்குட்டை, கைக்குட்டையால் பொத்திய வாய். உள்ளே வந்து கையை விரித்தார். பிளேட் இரண்டாக உடைந்து கிடந்தது. ரொட்டியின் ஓரத்தைக் கடித்தாராம்.

“இன்னிக்கிப் பேஷணும்” என்றார். காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. “எல்லாரும் வருவாங்க.” பல் போனால் சொல் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள்.

“உட்காருங்க” என்றார் நத்தைகுத்தி.

மேல்தட்டிலிருந்து பெயர் எழுதாத தாடையை எடுத்தார். புது அறைக்கு மாறும்போது எத்தனையோ பழைய தாடைகளைக் குப்பையில் போட்டிருந்தார், இதைப் போடவில்லை. உடைந்ததை அதில் பொருத்திப் பார்த்தார். “ஒட்டினா நிக்காது, புதுசா கட்டிடலாம். மாடல் இருக்கு, கடி மட்டும் எடுக்கணும்.” மெழுகை விளக்கில் காட்டி இளக்கி, டாக்டரின் கீழ்ப்பல் வரிசை மேல் வைத்தார். “மெதுவா கடிங்க. இன்னும் கொஞ்சம். அப்படியே வெச்சிருங்க. மெழுகு ஆறுற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது. திறந்தா கடி சேராது.”

டாக்டர் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேர் எதிரே ஜன்னல்.

வெளியே வண்டி நிறுத்துவதற்காகக் கொட்டிய ஜல்லியில், சமன் செய்யாமல் விட்ட மூலையில், மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் ஒரு நத்தைகுத்தி நாரை நின்றது. ஒற்றைப் பறவை. கால் முட்டிகூட நனையாத தண்ணீரில் அலகை விட்டு, ஜல்லிக்குள் துழாவி, ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்துப் போட்டது. அடுத்த கல்லை எடுத்தது. ஒவ்வொன்றுக்கும் மூடி இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் போட்டது.

டாக்டரின் கை சடாரென்று உயர்ந்தது. விரல் ஜன்னலைக் காட்டியது. மறு கை இவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தது. கோரைக்குள் குந்தியிருக்கும்போது இழுக்கிற அதே இழுப்பு. கண் பெரிதாகி மின்னியது. தொண்டையில் ஏதோ எழுந்து, மெழுகில் முட்டி நின்றது. அவருக்கு ஒரு கணம் எல்லாம் மறந்துவிட்டிருந்தது.

நத்தைகுத்திக்கு மறக்கவில்லை. சட்டையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், விடுவித்தார்.

“ஆமாங்க. நானும் பாத்தேன். ஒரு வாரமா தினமும் வருது” என்றார். “நத்தை தேடுது.”

டாக்டரின் கண் நிறைந்து, ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கியது. வாய் கோணத் தொடங்கியது. ஏதோ சொல்லப் பார்த்தார்.

நத்தைகுத்தி அவருடைய மோவாயை, நோயாளிகளுக்குப் பிடிக்கிற அதே பக்குவத்தோடு, கீழிருந்து தாங்கி மூடிப் பிடித்துக்கொண்டார்.

“பேசாதீங்க டாக்டர்” என்றார். “நீங்க பேசினது போதும். கடி சேரட்டும்.”